வெளியே ஏழு, உள்ளே எட்டு

பெய் சுன்கென் மேஸ்திரிக்கு நாற்காலிகள் மீது அளவற்ற பிரியம். அவற்றில் வந்து உட்காரும் மனிதர்கள் மீதுதான் சற்றும் பிரியமில்லை. மூன்று மாதம் பாடுபட்டு ஒரு நாற்காலியை இழைத்து, மெழுகேற்றி, இருக்கைக்குப் பிரம்பு பின்னி, வெளிச்சம் படும்படி நிறுத்தி வைத்தால், யாரோ ஒருவர் வந்து, அதன் முதுகின் வளைவைக் கண்ணெடுத்தும் பாராமல், தம் பின்புறத்தை அதன்மேல் வைத்துவிடுகிறார். அந்தக் கணத்தில் மேஸ்திரியின் முகம், புதிதாக வெள்ளையடித்த தம் வீட்டுச் சுவரில் எவனோ சுவரொட்டி ஒட்டுவதைக் கண்டவரின் முகம் போலாகும். இத்தகைய மனிதர் சூசோ நகரத்துக்கு வெளியே, தாய் ஏரிக்கரையில், மரச்சாமான் விற்றுப் பிழைத்தார் என்பது அவருடைய மனைவி ஃபெங்சினுக்கு இன்றுவரை விளங்காத விந்தை.

மேஸ்திரியின் கணக்கில் சீன வரலாறு மிகவும் எளியது. மிங் அரச மரபு என்றொன்று இருந்தது. அப்போது மக்களுக்கு அறிவு இருந்தது. நாற்காலிக்கு நான்கு கால்கள், ஒரு முதுகு, அந்த முதுகில் மனிதனின் முதுகெலும்புக்கு இசைந்த ஒரு வளைவு; அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு சிங் அரச மரபு வந்தது; அரண்மனையில் எல்லாருக்கும் கை அரிக்கத் தொடங்கியது. காலியான பலகையைக் கண்டால் பொறுக்கவில்லை. டிராகன், வௌவால், மாதுளை, மேகம் என்று செதுக்கித் தள்ளினார்கள். செதுக்க இடம் தீர்ந்ததும் சிப்பி பதித்தார்கள். சிப்பியும் தீர்ந்ததும் நடுவில் பளிங்கைச் சொருகினார்கள். இந்தப் பேரழிவுக்குக் காரணமான பேரரசரைப் பற்றி மேஸ்திரி பேசும்போது, உளியை இரவல் வாங்கிப் போய் முனையை மழுக்கித் திருப்பிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

அவருடைய சொந்தக் கல்வி எவ்வாறு தொடங்கியது என்பதை மட்டும் அவர் வாடிக்கையாளர்களிடம் விரித்துரைப்பதில்லை. பதினான்கு வயதில் கம்யூன் மரத்தொழிற்சாலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, பழைய பண்ணையார் வீட்டுக் கட்டில்களும் அலமாரிகளும் மக்களுக்கு எதிரானவை என்று மேலிடம் கண்டுபிடித்துவிட்டது. அவற்றை உடைக்கும் பொறுப்பு இளைஞர் சுன்கெனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆணியே இல்லாமல் ஒரு மரத்தின் கழுந்தை மற்றதன் துளையில் கோத்த பழைய கட்டில் அவ்வளவு எளிதில் உடையாது. எந்தக் கழுந்து எந்தப் பக்கம் நுழைந்திருக்கிறது, எதை முதலில் தட்டினால் மற்றது விடும் என்றெல்லாம் ஆராய்ந்தாக வேண்டும். இவ்வாறு ஏழு ஆண்டுகளில் முந்நூறு கட்டில்களைக் கலைத்து, மிங் காலத் தச்சுக்கலையில் ஆழ்ந்த புலமை பெற்றார். பிறகு ஹாங்காங் வியாபாரிகள் பழைய நாற்காலி தேடி ஊர் ஊராக வந்தபோது, உடைத்தவற்றை ஒட்டித் தரும் வேலையும் அவருக்கே கிடைத்தது. மரபைக் காப்பவர் என்று பெயர் வாங்குவதற்கு இதைவிட முறையான பாதை இருக்க முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் சொந்தப் பட்டறை வைத்தார். அதன் உட்சுவரில் தச்சர்களின் முதல்வரான லூ பானின் படம். படத்துக்கு மேலே, சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு பழைய மர அடிக்கோல். அதில் ஊர் அடி குறித்திருக்கும்: பத்து அங்குலம் ஓர் அடி, மூன்று அடி ஒரு மீட்டர். ஆண்டுக்கொரு முறை லூ பான் பிறந்தநாளில் அதற்கு ஊதுவத்தி ஏற்றி, மூன்று முறை தலைவணங்குவார். அளப்பதற்கு மட்டும் அதை எடுத்ததில்லை. அளப்பதற்குத் தொழிற்சாலைக் காலத்திலிருந்தே மீட்டர் கோல் இருந்தது. மிங் காலத்து நாற்காலிகளை அவர் சென்டிமீட்டரில்தான் செய்தார்.

ஆனால், அளவைப் பற்றிய தொழில் விதியில் அணுவும் பிசகமாட்டார். ஸ்டூலின் அளவு மூன்றில் முடிய வேண்டும், மேசை ஒன்பதில், கட்டில் ஏழில், சவப்பெட்டி எட்டில். இது ஏரிக்கரைத் தச்சர்கள் எல்லாரும் அறிந்தது. கட்டிலை எட்டில் முடிப்பவன் தச்சன் அல்லன், வெட்டியான் என்பது மேஸ்திரியின் தீர்ப்பு.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அவருடைய ஒரே மகள் யாவெனுக்குத் திருமணம் நிச்சயமானபோதுதான் இந்த விதி வீட்டுக்குள் புகுந்தது.

மாப்பிள்ளை சிங்லம், தெற்கே குவாங்தோங் மாகாணத்துக்காரன். அவனுடைய தந்தை மாக் யூச்சோங், குளியலறை ஓடுகள் விற்பவர். உடம்பும் குரலும் பெரியவை. புதுத்தம்பதியருக்குச் சூசோவின் புதுநகரில் பதினோராம் மாடியில் வீடு வாங்கித் தந்தது அவர். வீட்டை நிரப்புவது பெண் வீட்டார் பொறுப்பு. நிரப்பும் பொருள்களில் மேஸ்திரிக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: கட்டில். ஆறு தூண்களும் மேற்கட்டும் வைத்த, ஒரு செதுக்கலும் இல்லாத, தூய மிங் பாணிக் கட்டில். ஊரில் பாதிப் பேரின் மகள்கள் அவர் செய்த கட்டிலில் படுக்கிறார்கள். தம் மகள் மட்டும் வேறொன்றில் படுத்தால், மறுநாளே பட்டறையைப் பூட்டிவிட்டு ஏரியில் இறால் பிடிக்கப் போகவேண்டியதுதான் என்று அறிவித்திருந்தார்.

சம்பந்திகளின் முதல் சந்திப்பு மேஸ்திரியின் வீட்டில், ஏரி நண்டும் சர்க்கரையில் வதக்கிய பன்றி இறைச்சியும் வைத்த மேசையில் நடந்தது. மாக் ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டு, சற்று நேரம் யோசித்தார்.

"சம்பந்தி, இது சாப்பாடா, சாப்பாட்டுக்கு அப்புறம் தர்ற இனிப்பா?"

"சாப்பாடுதான். நாக்கு இருக்கிறவங்களுக்குப் புரியும்."

"ஹாஹா! சரி, கட்டில் விஷயத்துக்கு வருவோம். செம்மரத்துல செஞ்சிருங்க. மரம் நான் அனுப்பறேன். தலைமாட்டுல ரெண்டு டிராகன், கால்மாட்டுல ஒரு ஃபீனிக்ஸ். நடுவுல முத்துச்சிப்பி பதிச்சு மீன். எங்க ஊர்ல கல்யாணக் கட்டில்னா கண்ணு கூசணும்."

"கண்ணு கூசினா எப்படித் தூங்குறது?"

"கட்டில் தூங்குறதுக்கா? நாலு பேர் பாக்குறதுக்கு!"

மேஸ்திரி தம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல ஏரிக்கரை ஜூ மரம். ரேகையைப் பாத்தா மலைமேல மலை அடுக்கின மாதிரி இருக்கும். அதுமேல டிராகனைச் செதுக்கினா, நல்லா பாடுறவ வாயில துணியை அடைச்ச மாதிரி."

"துணின்னதும் ஞாபகம் வருது. சூசோ தச்சருங்க ஒரு பலகையைப் பத்தா அறுத்து, துண்டு துண்டா ஒட்டி நாற்காலி செய்வாங்களாமே? கஞ்சத்தனம் இல்லையா அது?"

"ஒட்டின இடத்தைக் கண்டுபிடிங்க, நாற்காலியை இனாமா எடுத்துட்டுப் போங்க. உங்க ஊர்ல கப்பல்ல மரம் வந்து இறங்கிச்சுன்னு முழு மரத்தையும் அப்படியே காலா நிறுத்தி வச்சிருவாங்க. நாற்காலியா, துறைமுகமான்னு தெரியாது."

இவ்வாறு தெற்கத்திப் பாணியும் சூசோப் பாணியும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துகொண்டன. பேச்சை முடிக்கும் பொருட்டு ஃபெங்சின் இருவர் கிண்ணத்திலும் ஒவ்வொரு நண்டு வைத்தாள். நண்டைத் தின்னும்போது சண்டையிட இயலாது. இரு கைகளும் வாயும் வேண்டும். சீன நாகரிகத்தில் நண்டுக்கு இருக்கும் மதிப்புக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். கடைசியில், மரம் ஜூ மரமே என்றும், கால்மாட்டுச் சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும், யாராவது குனிந்து பார்த்தாலொழியக் கண்ணில் படாத இடத்தில், ஒரு கொத்துத் திராட்சை செதுக்குவது என்றும் உடன்பாடு ஏற்பட்டது. மேஸ்திரி அதை வாழ்நாள் அவமானமாக எண்ணிக்கொண்டார். மாக் அதைத் தொடக்கமாக எண்ணிக்கொண்டார்.

ஆனால் தகராறு திராட்சையில் வரவில்லை, மெத்தையில் வந்தது.

கட்டிலின் சட்டங்களை மேஸ்திரி அறுத்து முடித்த வாரத்தில், மாக் வெளிநாட்டு மெத்தை ஒன்றைப் புதுவீட்டில் கொண்டு வந்து இறக்கினார். அதன் அகலம் சரியாக ஒரு மீட்டர் எண்பது. மேஸ்திரி அறுத்திருந்ததோ, உள்ளகலம் ஒரு மீட்டர் எழுபத்தேழு, வெளியகலம் ஒரு மீட்டர் எண்பத்தேழு. உள்ளும் ஏழு, புறமும் ஏழு. செய்தி கேட்டு மேஸ்திரி தொலைபேசியை எடுத்தார்.

"மெத்தையைத் திருப்பிக் குடுத்துருங்க, சம்பந்தி."

"ஏன், ஸ்பிரிங் சரியில்லையா?"

"ஒண்ணு எட்டு! எட்டு எதோட அளவுன்னு தெரியுமா? என் பொண்ணைப் பொட்டியில வச்சு மூடறதுக்கா கட்டிக் குடுக்கறேன்?"

"ஐயையோ, எட்டுன்னாதானே செல்வம்! என் கடை நம்பர்ல எட்டு, கார் நம்பர்ல மூணு எட்டு. மகன் கட்டில்ல மட்டும் எட்டு கூடாதா? எட்டு இல்லாத கட்டில்ல அவன் படுக்க மாட்டான். படுக்கறதுக்கு நான் விட மாட்டேன்."

"அப்ப மெத்தையில மூணு சென்டிமீட்டரை வெட்டுங்க."

"உங்க கட்டைவிரலை வேணா வெட்டிக்கங்க!"

தொலைபேசி இரு பக்கமும் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்கிடையே நிகழ்ந்த முதல் முழுமையான ஒற்றுமை அதுவே.

மூன்று சென்டிமீட்டருக்காக மூன்று வாரம் பேச்சு நின்றது. புதுவீட்டில் கட்டில் நிறுத்தும் நல்ல நாள் ஒன்பதாம் மாதத்துப் பதினாறு என்று நாள் குறித்தாகிவிட்டது. அன்று கட்டில் நிற்காவிட்டால், ஐந்து நாள் கழித்து வரும் திருமணத்தையும் தள்ள வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டு அத்தைகள் கூறத் தொடங்கிவிட்டார்கள். அம்மாதம் பத்தாம் தேதி யாவென் பட்டறைக்கு வந்தாள். அவள் கையில் ஒரு வண்ண விளம்பரப் புத்தகம்.

"அப்பா, இது ஒண்ணு எட்டு. ரெண்டு அட்டைப் பெட்டியில வரும். ஸ்பேனரும் அவங்களே தருவாங்க, ஆறு ஸ்க்ரூ முறுக்கினா முடிஞ்சிது. பதிமூணாம் தேதி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரலேன்னா, ஆர்டர் பண்ணிருவேன்."

"ஸ்க்ரூவா?" என்றார் மேஸ்திரி. உலகில் உள்ள கெட்ட சொற்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு சொல்லில் இருந்த அருவருப்பை எட்டியிரா.

"ஆமா. ஸ்க்ரூ. எனக்குக் கட்டில் வேணும்பா. உங்களுக்கு வரலாறு வேணும்னா, அதை நீங்களே வச்சுப் படுத்துக்கங்க."

அவள் போனபின் மேஸ்திரி வெகுநேரம் விளம்பரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நேரான கால்கள், செதுக்கல் இல்லை, சிப்பி இல்லை, பளிங்கு இல்லை. சற்றுக் கண்ணை இடுக்கிப் பார்த்தால் மிங் போலவே இருந்தது. அதுவே அவரை இன்னும் ஆத்திரப்படுத்தியது.

இந்தப் போரில் எந்தப் பக்கமும் சேராமல் ஃபெங்சின் மெத்தைப் போர்வைகள் தைத்துக்கொண்டிருந்தாள். பெண் வீட்டார் எட்டுப் பட்டுப் போர்வைகள் தர வேண்டும். போர்வையில் எட்டு வரலாம், கட்டிலில் மட்டும் வரக்கூடாது என்பதற்கு மேஸ்திரியிடம் விளக்கம் கேட்க அவளுக்கு நேரமில்லை. பன்னிரண்டாம் தேதி காலை, அளவு சரிபார்க்கப் பேருந்தேறிப் புதுவீட்டுக்குச் சென்றாள். தையல் நாடாவால் மெத்தையை அளந்தாள். நாடா எட்டாததால் அடையாளம் வைத்து இரண்டு முறை அளந்தாள். திரும்பி வந்து, மதிய உணவுக்குக் கீரையை அலசிக்கொண்டே சொன்னாள்.

"கிழவரே, மெத்தை அஞ்சடி நாலு அங்குலம்."

"என்னது நாலு? ஒண்ணு எட்டுன்னு அந்த ஓட்டு வியாபாரி ஊரெல்லாம் கூவிட்டிருக்கார்."

"அது அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் பாத்தேன்."

அவள் நாடாவைப் புரட்டிக் காட்டினாள். எல்லாத் தையல்காரர் வீட்டிலும் இருக்கும் அதே நாடா: ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் ஊர் அடியும் அங்குலமும். மேஸ்திரி நாடாவை வாங்கிப் புரட்டினார், மீண்டும் புரட்டினார், எட்டு எங்கேனும் இடுக்கில் ஒளிந்திருக்கிறதா என்று தேடினார்.

"அப்ப எட்டு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. உங்க அடிக்கோல்ல அது எப்பவும் இல்ல. அது மீட்டரைக் கண்டுபிடிச்ச பிரெஞ்சுக்காரன் கோல்ல இருக்கிற எட்டு. நம்ம ஊர்ப் பேய் அவன் பாஷையில எண்ணுமா?"

மேஸ்திரி பட்டறைக்குச் சென்று, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகச் சுவரிலிருந்து அடிக்கோலை இறக்கினார். சிவப்புத் துணியைப் பிரித்ததும் தூசி பறந்து தும்மல் வந்தது. அறுத்து வைத்திருந்த சட்டத்தின்மீது கோலை வைத்தார். ஐந்தடி ஆறு அங்குலம். அதற்குமேல் ஒரு சிறு கொசுறு. ஏழு இல்லை. உள்ளகலத்தை அளந்தார்: ஐந்தடி மூன்று அங்குலம், ஏழும் இல்லை, ஏழின் நிழலும் இல்லை. மூன்று வாரமாகச் சம்பந்தியோடும் மகளோடும் போரிட்டுக் காத்த புனிதமான ஏழு, மிங் காலத் தச்சன் எவனும் கண்ணால் கண்டிராத ஓர் அளவையில் மட்டுமே உயிர் வாழ்ந்திருந்தது. மூன்றடி ஒரு மீட்டர் என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதைப் போட மறந்தவர் ஏரிக்கரையின் தலைசிறந்த தச்சர்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அளவுகோல் கையில் இருக்கும் மனிதனுக்கு ஓய்வு கிடையாது. மேஸ்திரி நேராகப் படுக்கையறைக்குச் சென்றார். எழுபத்தாறாம் ஆண்டில் தம் திருமணத்துக்காகத் தாமே செய்த கட்டில். அகலம் ஒரு மீட்டர் இருபத்தேழு. முழந்தாளிட்டு, கோலை வைத்தார். மூன்றடி எட்டு அங்குலம். ஓர் அரிசியின் அகலம்தான் கூடுதல்.

மீண்டும் அளந்தார். எட்டு அசையவில்லை.

ஃபெங்சின் கையில் கீரையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"முப்பது வருஷம்" என்றார் மேஸ்திரி, தரையில் உட்கார்ந்தபடியே. "முப்பது வருஷமா நான் சவப்பெட்டியில படுத்திருக்கேன்."

"அதான் படுத்தா அசையவே மாட்டேங்கிறீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"மொதல் வருஷம் விரிப்பு தைக்கும்போதே தெரியும். என் நாடாவுக்கு ரெண்டு பக்கம் இருக்கே."

"ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா? ஸ்டூலுக்கு மூணு, மேசைக்கு ஒன்பதுன்னு கல்யாணத்தன்னிக்கே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க. நடுவுல பேச விட்டீங்களா? அப்புறம் யாவென் பொறந்தா, பட்டறை வந்துது, ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். எட்டு நமக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?" கீரையை ஒரு முறை உதறினாள். "அஞ்சடி நாலு உள்ள வரணும். கட்டில் சட்டம் எத்தனை தடிமன்?"

"ஒன்றரை அங்குலம்."

"ரெண்டு பக்கமும் சேந்தா மூணு. அஞ்சடி நாலும் மூணும்?"

"அஞ்சடி ஏழு" என்றார் மேஸ்திரி. பிறகு, சற்றும் வெட்கமின்றி, "நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

அன்று மாலையே மகளுக்குத் தொலைபேசினார். ஒரு தச்சன் மனம் வைத்தால் எதையும் சாதிக்கலாம் என்றும், சம்பந்தி வீட்டார் மனம் நோகக்கூடாதென்று தாம் ஒரு வழி கண்டிருப்பதாகவும் தெரிவித்தார். யாவென் விளம்பரப் புத்தகத்தை மூடினாள், ஆனால், எறியவில்லை. தந்தையை அவள் இருபத்தாறு ஆண்டுகளாக அறிவாள்.

நான்கு நாள்களில் குறுக்குச் சட்டங்களைப் புதிதாக அறுத்துக் கழுந்து எடுத்தார். தவறாக அறுத்த பழைய சட்டங்களைச் சூசோத் தச்சன் எறிவானா? அவை தேநீர்த் தட்டுகளாக மறுபிறவி எடுத்தன.

பதினாறாம் நாள் காலை, பிரித்துக் கட்டிய கட்டில் மின்தூக்கியில் ஆறு தவணையாகப் பதினோராம் மாடிக்கு ஏறியது. மேஸ்திரி கொட்டாப்புளியால் ஒவ்வொரு கழுந்தாகத் தட்டி இறக்க, ஓர் ஆணியும் இல்லாமல் கட்டில் எழுந்து நின்றது. மாக் யூச்சோங் தெற்கிலிருந்து விமானத்தில் வந்திருந்தார். வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து இரும்பு அளவு நாடாவை உருவினார். 'சர்ர்ர்' என்று உள்பக்கத்தில் நீட்டினார்.

"ஒண்ணு எட்டு!" முகம் மலர்ந்தது. "சம்பந்தி, பெரிய மனசு உங்களுக்கு. வளைஞ்சு குடுத்துட்டீங்க."

மேஸ்திரி சிவப்புத் துணியை நிதானமாகப் பிரித்து, மர அடிக்கோலை வெளிப்பக்கத்தில் வைத்து, அனைவரும் காணும்படி விரலால் சுட்டினார்.

"அஞ்சடி ஏழு. நான் எங்கயும் வளையல. வளைஞ்சது மரம் மட்டும்தான், அதுவும் தலைமாட்டுல."

"உள்ள எட்டுதானே?"

"வெளிய ஏழுதானே?"

தாம்தான் வென்றோம் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. எதிராளிக்கு அது தெரியவில்லையே என்பதில் இருவருக்கும் இரக்கமும் இருந்தது. மெத்தையைத் தூக்கி வைத்தார்கள். ஒரு விரல்கூட நுழையாமல் கச்சிதமாக அமர்ந்தது. யாவென் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். கட்டில் முனகக்கூட இல்லை. பிறகு, கைப்பையிலிருந்து அந்த விளம்பரப் புத்தகத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மேஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் ஒரு தூணைத் துணியால் துடைத்தார்.

மாக் கட்டிலைச் சுற்றி வந்து, குனிந்து, திராட்சைக் கொத்தைக் கண்டுபிடித்தார். "எல்லாம் சரி. ஆனா பாக்க ஏழை வீட்டுக் கட்டில் மாதிரி இருக்கு, சம்பந்தி."

"அதுக்குப் பேருதான் மிங்."

திருமணம் குறித்த நாளில் நடந்தது. மாக் இன்றும் தம் நண்பர்களிடம், சூசோக்காரரின் பிடிவாதத்தை ஒரே மெத்தையால் உடைத்த கதையைச் சொல்கிறார். மேஸ்திரியும் தம் வாடிக்கையாளர்களிடம் ஒரு கதை சொல்கிறார். ஆனால் அதில் மெத்தையும் இல்லை, மனைவியும் இல்லை. அடுத்த ஆண்டு அச்சிட்ட பட்டறை விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 'வெளியே ஏழு, உள்ளே எட்டு: மிங் காலம் முதல் சூசோத் தச்சர்கள் காத்துவரும் தனி மரபு.' நகரத்திலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் அதைப் பயபக்தியுடன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இம்மரபு மிங்கின் முற்பகுதியைச் சேர்ந்ததா, பிற்பகுதியைச் சேர்ந்ததா என்று வினவினார். மேஸ்திரி சற்று நேரம் கண்களை மூடிச் சிந்தித்து, "பிற்பகுதி" என்றார்.

அடிக்கோல் இப்போது சுவரில் இல்லை. வேலை மேசைமேல் இருக்கிறது, பட்டறையில் எல்லாம் ஊர் அடியில்தான் அளக்கப்படுகின்றன. ஒன்றைத் தவிர. வீட்டுப் படுக்கையறையில் உள்ள கட்டிலை மாற்றலாமா என்று ஃபெங்சின் ஒருமுறை கேட்டாள்.

"எதுக்கு மாத்தணும்? ஒரு மீட்டர் இருபத்தேழு. ஏழுலதான முடியுது?"

"ஊர் அடியில?"

"வீட்டுக்குள்ள என்ன ஊர் அடி?" என்றார் மேஸ்திரி. "இந்தக் காலத்துல உலகமே மீட்டர்லதான் அளக்குது."